கண்ணுக்கு இருமத் தெரியாது

1. கரைத்தீவில் ஒரு நுளம்பு

கரைத்தீவில் பள்ளிவாசலுக்குப் பக்கத்து மண்டபத்தில் காசநோய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சின் நடுவில் என் இடது கண்ணுக்கு முன்னால் ஒரு நுளம்பு வந்தது. கையால் விரட்டினேன். போய்விட்டு மறுபடியும் வந்தது. இரண்டு கைகளையும் சேர்த்து அடித்தேன். கையில் ஒன்றும் இல்லை. முன்வரிசையில் இருந்தவர்களும் என்னோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். விரட்டுவதும் பேசுவதுமாக ஒருமாதிரி முடித்தேன். கூட்டம் கலைந்ததும் பின்வரிசையில் இருந்த ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல விளக்கம் சேர், இப்ப இஞ்ச டெங்கு கூடத்தான்" என்றார்.

நான் புத்தளம் மாவட்டத்தில் பீ.எச்.ஐ.யாக, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி செஸ்ட் கிளினிக்கோடு போனது. காசநோய் வந்தவர்களின் வீடுகளுக்குப் போவது, வீட்டாரைச் சோதனைக்குக் கூட்டிவருவது, மருந்தை நடுவில் விட்டவர்களைத் தேடிப்பிடிப்பது, ஊர் ஊராகக் கூட்டம் வைத்துப் பேசுவது. இதில் பேசுவதுதான் எனக்கு மிகவும் பிடிக்கும். மைக்கைக் கண்டால் விடமாட்டேன் என்று கிளினிக்கில் சொல்வார்கள். மைக் இல்லாவிட்டாலும் விடமாட்டேன்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அனுபவக் குறிப்பு ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் தேடிப்பிடித்த நோயாளிகளைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர்களைக் கேளாமல் அவர்களுடைய நோயை எழுதுவது முறையில்லை. அனுமதி கேட்கத் தேவையில்லாத நோயாளி ஒருவர்தான் எனக்குத் தெரியும். அது நான்.

என் பேச்சில் எந்த ஊரிலும் மாறாத இரண்டு விசயங்கள் உண்டு. ஒன்று, இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும். மற்றது சிரிப்புக்காகச் சொல்வது: முடியையும் நகத்தையும் விட்டால் உடம்பில் டீ.பி. வராத இடம் கிடையாது. இதைச் சொன்னதும் சனம் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டு சிரிக்கும். கரைத்தீவிலும் சொன்னேன், சிரித்தார்கள். கண் என்பது முடியும் இல்லை, நகமும் இல்லை என்பது மட்டும் அதைச் சொன்னவனுக்குத் தோன்றவில்லை.

2. கண்ணாடி, காற்று, வயது

நுளம்பு வீட்டுக்கும் கூடவே வந்தது. சுவரைப் பார்த்தால் சுவரில், காலையில் தின்னும் பாணைப் பார்த்தால் பாணில். சில நாளில் இரண்டு மூன்றாகப் பெருகியது. வெயிலில் நின்றால் கண் கூசியது. நுரைச்சோலையில் எங்கள் வீட்டுக்குக் கச்சான் காற்று நேராக அடிக்கும், மணலையும் கொண்டுவரும். அதனால் காற்றுத்தான் காரணம் என்றேன். காற்று நின்ற பிறகும் கண் கூசியது. அப்போது கண்ணாடி பழசு என்றேன். புதுக் கண்ணாடி போட்டேன், சரிவரவில்லை. கடைக்காரரோடு சண்டை பிடித்து இன்னொன்று வாங்கினேன். அதிலும் மூடுபனிதான். கடைசியில், வயசுக்கு வெள்ளை படருகிறது என்று நானே தீர்ப்புச் சொன்னேன்.

என் மனைவி பரீதா பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவள். ஒரு நாள் மாலை என் மோட்டார் சைக்கிள் எங்கள் கேற்றுக்குள் போகாமல் பக்கத்து வீட்டு வெங்காயக் குவியலுக்குள் போனது. பக்கத்து வீட்டுக்காரர் மனுசத்தனமாக, கேற்று ஒடுக்கம் என்றார். பரீதா வெங்காயத்தைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போய், நாளைக்குக் கண் கிளினிக்குக்கு நீங்கள் போகாவிட்டால் நான் லீவு போட்டுக் கூட்டிப்போவேன் என்றாள். ஊரில் எல்லோரையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறவனை மனைவி கூட்டிப்போவதைச் சனம் பார்க்கக்கூடாது. தனியாகவே போனேன்.

கண் டொக்டர் ஒரு சிங்களப் பெண். என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். ஸ்லிட் லாம்ப் என்கிற கருவியில் முகத்தை நீட்டி நாடியை வைக்கச் சொல்லி, அதன் வழியாகக் கண்ணுக்குள் பார்த்தார். கண்ணுக்குள்ளே அழற்சி இருக்கிறது, இதை யுவியைட்டிஸ் என்பார்கள் என்றார். நுளம்பு என்று நான் விரட்டியது கண்ணுக்குள் மிதக்கும் அழற்சிக் கலங்களின் நிழல். பல கேள்வி கேட்டார். மூட்டு நோகிறதா, வாயில் புண் வருகிறதா, தோலில் ஏதாவது உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா.

இல்லை என்றேன். பொய் இல்லை, வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. பகல் முழுக்க யாரோடு இருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஸ்டீரொயிட் துளி மருந்து தந்தார். ஒரு கிழமையில் கண் வெளித்தது. குறித்துக்கொடுத்த நாளில் வந்து காட்டச் சொல்லியிருந்தார். சுகமான கண்ணை ஏன் காட்டுவது என்று நான் போகவில்லை. இப்படிச் செய்கிற நோயாளிகளைப் பற்றிப் பேசுவதற்கென்றே என்னிடம் தனியாகக் கால்மணி நேரப் பேச்சு ஒன்று இருந்தது.

3. சுவரில் நின்றவர்

அதே கண் மறுபடியும் சிவந்தது. போனேன், துளி தந்தார், வெளித்தது. துளியைக் குறைத்ததும் மூன்றாவது தடவையும் வந்தது. இந்தமுறை நோவு அதிகம் இல்லை. மூடுபனி மட்டும் கெட்டியாக இருந்தது. சுவரில் இருந்த எழுத்துப் பலகையில் மேலே உள்ள பெரிய எழுத்தைத் தவிர மற்றவை எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தன.

டொக்டர் நெடுநேரம் கருவிக்குள் பார்த்தார். கண்ணின் முன்படலத்துக்கு உட்பக்கம் கொழுப்புத் துளிகள் போலப் பொட்டுகள் ஒட்டியிருப்பதாகவும், அதைப் புத்தகங்களில் ஆட்டுக் கொழுப்பு என்றே சொல்வதாகவும் சொன்னார். எனக்குப் பசி நேரம், நினைப்பு வேறு பக்கம் போனது. பின்பக்கத்து இரத்தக் குழாய்களைச் சுற்றியும் வெள்ளை படிந்திருக்கிறதாம். எழுந்து கை கழுவப் போனவர் வாசலில் நின்று வெளிச்சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

அங்கே முந்தின வருடக் காசநோய் தினத்துக்கு நாங்கள் அடித்த பெரிய பதாகை தொங்கியது. அதில் மைக்கோடு விரலை நீட்டிக்கொண்டு நிற்பது நான்தான்.

"அது நீங்களா, பீ.எச்.ஐ. மாத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஓம் என்றேன். எத்தனை வருடம் இந்த வேலை என்று கேட்டார். அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே என்று பெருமையாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் விளங்கி நிறுத்திக்கொண்டேன்.

"வீட்டில் காசநோய் உண்டா என்று கேட்டேனே."

"வீட்டிலதான் இல்லையே, மிஸ்."

அவர் கோபப்படவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். காசநோய்க் கிருமி நெஞ்சுக்குள் வந்து, நோய் எதுவும் காட்டாமல் வருடக்கணக்காக அடங்கி இருக்கலாம். இரத்தத்தோடு போய்க் கண்ணிலும் தங்கலாம். இருமல், காய்ச்சல், மெலிவு ஒன்றும் இல்லாமல் கண் மட்டும் காட்டிக்கொடுக்கலாம். துளி போட்டால் அடங்கி, விட்டால் திரும்பி வரும் அழற்சி என்றால் இதையும் யோசிக்க வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. எனக்கு இருமல் இல்லை. அதைச் சொன்னேன்.

"கண்ணுக்கு இருமத் தெரியாது, மாத்தயா" என்றார்.

4. நோயாளியின் கதிரை

அவர் எழுதித் தந்த துண்டோடு என் சொந்த செஸ்ட் கிளினிக்குக்குப் போனேன். டொக்டருக்கு முன்னால் இரண்டு கதிரைகள் உண்டு. பக்கவாட்டில் இருப்பது நான் வழக்கமாக இருப்பது, நேரே இருப்பது நோயாளிக்கு. பழக்கத்தில் பக்கவாட்டில் போய் இருந்தேன். டொக்டர் துண்டை வாசித்துவிட்டு நேரே இருந்த கதிரையைக் காட்டினார்.

எங்கள் செஸ்ட் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னிலும் சில வயது மூத்தவர், அளந்து கதைப்பவர். அவர் இதை மறுப்பார் என்று நம்பியிருந்தேன், முதலில் அவரும் தயங்கத்தான் செய்தார். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. சோதிக்கச் சளி வரவில்லை, காறிக் காறித் தொண்டை நொந்ததுதான் மிச்சம். கண் டொக்டரோடு தொலைபேசியில் நெடுநேரம் கதைத்தார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தும், ஆள் கொஞ்சம் பிடிவாதம், மருந்து தொடங்கினால் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னார்.

வைத்துவிட்டு எனக்குச் சொன்னவை இப்போதும் நினைவில் இருக்கின்றன. பழைய காலத்தில் காரணம் தெரியாத கண் அழற்சி பலவற்றையும் டொக்டர்மார் காசநோய் என்றே எழுதிவிடுவார்களாம். பிறகு வேறு நோய்களைக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க, காசநோய் கண்ணில் வருவது மிக அருமை என்று மறுபக்கத்துக்குப் போய்விட்டார்கள். அவர் படித்தது அந்தக் காலத்தில். கிருமியை உருப்பெருக்கும் கண்ணாடிக்குக் கீழே கண்டால்தான் நோய். கண்டால் மருந்து, காணாவிட்டால் வீட்டுக்கு.

"நெஞ்செண்டால் சளி எடுத்துப் பாக்கலாம், நிணக்கட்டியெண்டால் ஊசி போட்டு எடுக்கலாம். கண்ணை வெட்டிப் பாக்கேலாது, நஸார். கண்ணுக்குள்ளயிருந்து ஒரு துளி நீர் எடுத்தாலும் கிருமி அனேகமாக ஆப்பிடாது. இருக்கிறது கொஞ்சக் கிருமி. அதோட உடம்பு சண்டை பிடிக்கிறதுதான் இந்த அழற்சி. அதால இப்ப கண் டொக்டர்மார் கண்ணுக்குள்ள தெரியிற அடையாளம், தோல் டெஸ்ட், இரத்த டெஸ்ட், நெஞ்சுப் படம் எல்லாத்தையும் ஒண்டா வைச்சு, வேற நோய் இல்லையெண்டும் பாத்து, பிறகுதான் முடிவெடுக்கினம்."

"அப்ப உறுதியா டீ.பி.தானா, சேர்?"

"உறுதியெண்டு நான் சொல்லேல்லை. அனேகமாக எண்டு சொல்லுறன்."

என் வேலைக்காலத்தில் அந்தக் கிளினிக்கில் அனேகமாக என்ற சொல்லுக்கு நான் இடம் கொடுத்ததில்லை. சளியில் கிருமி உண்டு அல்லது இல்லை. என் பதாகையில்கூட ஆச்சரியக்குறிதான் இருந்தது.

டெஸ்ட்டுகள் நடந்தன. வேறு நோய்களை விலக்குவதற்காக எடுத்த இரத்த டெஸ்ட்டுகளில் ஒன்று பால்வினை நோய் பற்றியது. அதைப் பரீதாவிடம் சொல்லவில்லை. அவளே டெஸ்ட் துண்டை வாசித்துவிட்டு, "இதையும் பாக்கட்டும், நல்லதுதான்" என்றாள். அவள் சிரித்தாளா என்று அந்தக் கண்ணோடு எனக்குத் தெரியவில்லை. அது இல்லை என்று வந்தபோது அவளைவிட எனக்குத்தான் நிம்மதி, இல்லை என்று தெரிந்திருந்தும்கூட.

தோலில் போடும் மான்டு டெஸ்ட் எனக்குப் பழகிய விசயம். கையில் ஊசி போட்டு, தடிப்பு எவ்வளவு என்று சில நாள் கழித்து அளக்க வேண்டும். அளந்து பார்க்கும் வேலையைப் பலருக்குச் செய்திருக்கிறேன். என் கையில் வந்த தடிப்பு ஒரு சிறிய அப்பம் மாதிரி இருந்தது. அடிமட்டத்தை எடுத்து நானே அளந்தேன். ஓரத்தை அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் குறையுமா என்று பார்த்தேன், குறையவில்லை. காசநோயாளிகளோடு இவ்வளவு காலம் பழகியவனுக்கு இது பெருக்கத்தானே செய்யும், இதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று வாதாடினேன். கண் டொக்டர் அதை ஒப்புக்கொண்டார். இதை மட்டும் வைத்துச் சொல்லவில்லை என்றார். காசநோய்க்கென்று கொழும்புக்கு அனுப்பிய இரத்த டெஸ்ட்டும் அதே பக்கம்தான் வந்தது. நெஞ்சை ஸ்கேன் செய்தபோது எக்ஸ்ரேயில் தெரியாத நிணக்கட்டி ஒன்று தெரிந்தது, ஊசி போட்டு எடுக்க முடியாத அளவுக்குச் சிறியது.

கிருமி எப்போது எனக்குள் வந்தது என்று கேட்டேன். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, கிடுகுக் கொட்டிலில் பல குடும்பங்கள் நெருக்கி இருந்த காலமா? அல்லது முகமூடி எதற்கு என்று நோயாளிகளின் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக் கதைத்துக்கொண்டிருந்த காலமா? கடமையின்போது வந்தது என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். இரண்டில் எதுவும் இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார் செஸ்ட் டொக்டர்.

5. நாக்கைத் தூக்குங்க, சேர்

மருந்து தொடங்கிய அன்று வீட்டுக்கு வந்து அலுமாரியிலிருந்து பழைய கோப்பை ஒன்றை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டேன். கண்ணில் இருக்கும் காசநோய் யாருக்கும் தொற்றாது. நெஞ்சில் இருப்பதுகூடக் கோப்பையால் பரவாது. கோப்பையையும் பீங்கானையும் பிரிக்காதீர்கள் என்று எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பேன். இருந்தும் என் கை அந்தக் கோப்பைக்குத்தான் போனது. பரீதா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாதி குடித்துவிட்டு வைத்த தேத்தண்ணீரை எடுத்து மிச்சத்தைக் குடித்தாள். பிறகு கோப்பையைக் கழுவி மற்றவைகளோடு அடுக்கினாள்.

காசநோய் மருந்தை ஒருவர் பார்த்திருக்க விழுங்க வேண்டும் என்பது விதி. எனக்கு அமைந்தவர் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெர்னதெத். கற்பிட்டிப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பம், சத்தமாகக் கதைப்பவர். இந்த வேலைக்கு அவரைப் பயிற்றியது நான்தான். பயிற்சியில் நான் காட்டியதை ஒன்று விடாமல் செய்தார். தண்ணீர் தந்தார், விழுங்கும்வரை பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார்.

"நாக்கைத் தூக்குங்க, சேர்."

"என்னை நம்பமாட்டீங்களா, பெர்னதெத்?"

"ஆரையும் நம்பவேணாமெண்டு நீங்கதானே சொல்லித் தந்தீங்க."

தூக்கினேன். வரிசையில் நின்றவர்களில் பலர் என்னிடம் ஏச்சு வாங்கியவர்கள். அவர்கள் பார்த்த பார்வையில் மரியாதை குறையவில்லை, கொஞ்சம் சந்தோசம் கூடியிருந்தது, அவ்வளவுதான். நானும் சமாளித்துக்கொண்டேன். மருந்து விழுங்கிய கையோடு அங்கேயே நின்று அவர்களுக்கு மருந்தின் அருமையைச் சொல்லத் தொடங்கினேன். பெர்னதெத் கதவைப் பூட்டும்வரை சொன்னேன்.

மூன்றாவது கிழமை கண் மோசமானது. துளிக்கும் அடங்கவில்லை. எழுத்துப் பலகையின் பெரிய எழுத்தும் கரைந்தது. வலது கண்ணை மூடினால் பரீதாவின் முகத்துக்குப் பதிலாக ஒரு வெளிர் வட்டம் தெரிந்தது.

இங்கேதான் என் அரைகுறை அறிவு வேலையைக் காட்டியது. நான் விழுங்கும் குளிசைகளில் ஒன்று, எத்தம்புட்டோல், சிலருக்குக் கண் நரம்பைத் தாக்கும். அது எனக்குத் தெரியும், கூட்டங்களில் சொல்லியும் இருக்கிறேன். கண்ணுக்கென்று தரும் மருந்தே கண்ணைக் குருடாக்குகிறது என்று முடிவெடுத்தேன். கண் டொக்டரிடம் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் மருந்தை நிறுத்தவேண்டாம் என்று அவர் சொல்வார், அதை நான் கேட்க விரும்பவில்லை. இருட்டிவிடும் என்று பயந்தேன். மரணத்துக்கு அவ்வளவு பயமில்லை என்று நினைத்திருந்தவன், மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாமல், வாசிக்க முடியாமல், பரீதாவின் கையைப் பிடித்துப் பள்ளிவாசலுக்குப் போகும் காலத்தை நினைத்து, இரவில் வலது கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளிசையை வாயில் ஒளிப்பவர்கள் எங்கெங்கே ஒளிப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். நாக்கின் கீழ் ஒளிப்பவர் பிடிபடுவார். மேல்முரசுக்கும், அதாவது மேல்பல் ஈறுக்கும், கன்னத்துக்கும் இடையில், பின்பக்கமாக வைப்பவர் பிடிபடமாட்டார். பயிற்சியில் அந்த இடத்தைச் சொல்ல மறந்திருந்தேன். அங்கே வைத்தேன். வெளியே வந்து வெங்காயத் தோட்டத்து வேலியோரம் துப்பினேன். சில நாட்கள் இப்படி நடந்தது.

6. யன்னல் வெளிச்சத்தில்

செஸ்ட் டொக்டர் கூப்பிட்டனுப்பினார். போனதும் மூடியுள்ள சிறிய போத்தல் ஒன்றைக் கையில் தந்து, நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்.

ரிஃபாம்பிசின் என்ற குளிசை உள்ளே போனால் சலம் செம்மஞ்சளாகப் போகும். நோயாளி மருந்து விழுங்குகிறாரா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. புதிதாக வரும் டொக்டர்மாருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. கழிப்பறையில் அந்தப் போத்தலோடு நெடுநேரம் நின்றேன். தேத்தண்ணீர் கொஞ்சம் கலந்தால் என்ன என்றுகூட யோசித்தேன். தேத்தண்ணீருக்குக் கன்ரீனுக்குப் போக வேண்டும், கன்ரீனுக்குப் போக டொக்டரின் வாசலைத் தாண்ட வேண்டும்.

கொண்டுவந்து கொடுத்தேன். டொக்டர் யன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தார். கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெர்னதெத் பிடித்துவிட்டாரா என்று கேட்டேன். அவர் குளிசை எதையும் கண்டுபிடிக்கவில்லையாம். டொக்டருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னது வேறு: சேர் இப்போதெல்லாம் விழுங்கியதும் பேசாமல் போய்விடுகிறார், அது அவருடைய குணம் இல்லை, ஏதோ பிரச்சினை இருக்கிறது.

நான் வாய் மூடியதை ஒரு நோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள்.

"கண் போகுது, சேர்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

டொக்டர் ஏசவில்லை. எழுந்து என்னோடு கண் கிளினிக்குக்கு நடந்து வந்தார். அத்தனை வருடத்தில் அவர் அந்தக் கட்டடத்துக்குள் வந்ததை நான் பார்த்ததில்லை. இருவரும் கருவியில் மாறி மாறி என் கண்ணைப் பார்த்தார்கள். கண் டொக்டர் நிறப் புள்ளிகளில் எண் மறைந்திருக்கும் புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார். கண் நரம்பு கெட்டால் முதலில் குழம்புவது நிறம்தானாம். மூடுபனிக்குள்ளும் எண்களைத் தட்டித் தடவி வாசித்துவிட்டேன். நரம்பையும் பார்த்தார். அதில் கோளாறு இல்லை. குளிசைமேல் நான் போட்ட வழக்குத் தள்ளுபடியானது.

பிறகு அவர் சொன்னது எனக்குப் புதிது. மருந்து கிருமியைக் கொல்லும்போது அதன் சிதறல்களைக் கண்டு உடம்பு இன்னும் ஆவேசமாகச் சண்டை பிடிக்கும். அதனால் முதல் கிழமைகளில் சிலருக்குக் கண் முன்னையிலும் மோசமாகும். முன்பு இது விளங்காமல், நோயைத் தவறாகக் கணித்துவிட்டோம் என்று நினைத்து மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு. இப்போது அப்படிச் செய்வதில்லை. காசநோய் மருந்தை விடாமல் கொடுத்துக்கொண்டே, அழற்சியை அடக்க ஸ்டீரொயிட் குளிசையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஸ்டீரொயிட்டை மட்டும் கொடுத்தால் சண்டை அடங்கும், கிருமி இருக்கும். கிருமி மருந்தை மட்டும் கொடுத்தால் சண்டையில் கண் சேதமாகும். இரண்டும் வேண்டும், அளவாக வேண்டும்.

"இதை முதல் நாளே நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இந்தத் துறையில் இருப்பதால் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்" என்றார்.

எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்ததற்கு அந்தப் பதாகைதான் காரணம். அன்று மாலை நான் அதைக் கழற்றச் சொன்னேன். மழையில் நைந்துவிட்டது என்று காரணம் சொன்னேன்.

7. வெளிச்சமும் வீக்கமும்

அடுத்த நாள் பெர்னதெத்துக்கு முன்னால் குளிசைகளை விழுங்கி, கேட்காமலே வாயைத் திறந்து, கன்னத்தை விரலால் இழுத்து மேல்முரசையும் காட்டினேன். அந்த இடத்தை இனி எல்லோரிடமும் பார்க்கச் சொன்னேன். வரிசையில் நின்றவர்களில் ஒருவர் என்னை முறைத்தார். அவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும்.

கண் மெல்ல மெல்ல அடங்கியது. முதலில் நுளம்புகள் குறைந்தன. பிறகு பெரிய எழுத்து வந்தது, அதற்குக் கீழே உள்ளது வந்தது. ஸ்டீரொயிட் என் முகத்தை வட்டிலப்பம் போல உப்பவைத்தது. பள்ளிவாசலில், ஓய்வு நெருங்க ஆள் செழிப்பாகிவிட்டார் என்றார்கள். மறுக்கவில்லை. சாதாரண நெஞ்சு நோய்க்குத் தருவதைவிடக் கூடுதலான மாதங்கள் மருந்து தந்தார்கள். முடித்தேன். மருந்து முடிந்து வருடம் தாண்டியும் கண் திரும்பச் சிவக்கவில்லை. கிருமியை யாரும் கண்ணால் காணவில்லை. மருந்துக்கு அடங்கித் திரும்பி வராததே, அனேகமாக அது காசநோய்தான் என்பதற்கு இன்னொரு சாட்சி என்று டொக்டர்மார் சொன்னார்கள்.

பார்வை முழுவதும் வரவில்லை. இடது கண்ணின் ஓரத்தில் கைவிரல் நகமளவு இடம் கலங்கலாகவே இருக்கிறது. பாதை கடக்கும்போது அந்தப் பக்கம் தலையை முழுதாகத் திருப்பிப் பார்க்கிறேன். பரீதாவின் முகம் தெரிகிறது. அவள் சிரித்தால் அதுவும் தெரிகிறது.

8. கடைசிக் கூட்டம்

ஓய்வுக்கு முன் நான் பேசிய கடைசிக் கூட்டம் கற்பிட்டியில். கருவாடு போடுபவர்களும் வெங்காயம் செய்பவர்களும் வந்திருந்தார்கள். வழக்கமான பேச்சைப் பேசிவிட்டு, கண்ணிலும் வரலாம் என்பதைச் சேர்த்துக்கொண்டேன். எனக்கு வந்ததையும் சொன்னேன், குளிசையை ஒளித்த இடம் தவிர.

வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாய் எழும்பி, கண்ணில் இருப்பது டீ.பி. என்று எப்படி உறுதியாகக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டார்.

இப்படிக் கேள்வி வந்தால் பதில் என் வாயில் தயாராக இருக்கும், கேட்டு முடிக்கும் முன்பே வந்துவிடும். அன்று கொஞ்ச நேரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உறுதியாக் கண்டுபிடிக்கிற வழி இன்னும் முழுசா வரல்லை, உம்மா. எனக்கும் அப்படித்தான். பல டெஸ்ட் எடுத்து, ரெண்டு டொக்டர்மார் சேர்ந்து கதைச்சு, அனேகமா இதுதான் எண்டு மருந்து தந்தாங்க" என்றேன்.

என் செல்வாக்குப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கூட்டம் முடிந்து சனம் கலையும்போது அந்தத் தாய் என்னிடம் வந்தார். அவருடைய கணவருக்கு ஒரு வருடமாகக் கண் சிவந்து சிவந்து தெளிகிறதாம். ஒருவர் வெங்காயக் காரம் என்றாராம், இன்னொருவர் வெல்டிங் வெளிச்சம் என்றாராம், மற்றொருவர் யாரோ கண்வைத்த கண்ணூறு என்றாராம்.

"எல்லாரும் உறுதியாத்தான் சொன்னாங்க" என்றார். "நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வாறன்."

கூட்டிவந்தார். கண் டொக்டர் பார்த்தார், எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். அவருக்கு டீ.பி. இல்லை, வேறொரு அழற்சி. அதற்கும் மருந்து இருந்தது, கண் தப்பியது. என் பேச்சால் வந்து சுகமான கண் நோயாளி அவர் ஒருவர்தான். அவருக்கு இருந்ததோ நான் பேசாத நோய்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, நீங்களும் கூட்டங்களில் பேசுவீர்கள், மைக் உங்களுக்கும் பிடித்துப்போகும். தெரிந்ததைச் சொல்லுங்கள், நல்லது. ஆனால் தெரியாத இடம் வந்தால், தெரியாது, வாங்க பாப்பம் என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு அதைச் சொல்லப் பழக ஒரு கண்ணின் ஓரம் போகவேண்டியிருந்தது.